பதினேழாம் கொக்கி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும். வேறு மாதிரி எழுதினால் தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அப்படியாவது வருவாய் என்றால் சொல், ஜுரத்துக்கு ஏற்பாடு செய்கிறேன்.

இதுவரை பதினோரு தடவை போன் செய்துவிட்டேன். ஒன்பது தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டு தடவை மாப்பிள்ளை எடுத்து, "அத்தை குளிக்கிறதா சொல்லச் சொன்னாங்க" என்றார். நல்ல மனிதர். பொய்யைக்கூடச் சொன்னபடியே ஒப்பிக்கிறார். ஆனால் காலை பத்துக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் குளிக்கிறாய் என்றால் அந்த ஊரில் தண்ணீர் தாராளம் போலிருக்கிறது.

தெரு அப்படியே இருக்கிறது. நாலு மணிக்கு ரொட்டிக் கடை அடுப்பைத் திறந்ததும் தெருவில் எல்லோரும் ஒரு நிமிஷம் நல்லவர்களாகிவிடுகிறார்கள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் வழக்கம்போல எல்லாரிடமும் மணி கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் வழக்கம்போல, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத அந்தத் தாள், அதற்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் உள்ள பக்க விளைவுகள் எல்லாம் என் கண் வழியாகத்தான் வெளியே போகின்றன.

இப்போது விஷயம். கொக்கிக் கடையில் உன் கோப்பை பதினேழாம் கொக்கியில்தான் தொங்குகிறது, என்னுடைய பதினாறுக்குப் பக்கத்தில். கடைக்காரம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும். சுவரில் இருபத்திநாலு கொக்கி. தினமும் காபி குடிக்க வருகிறவர் தன் கோப்பையைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம். முப்பது நாள் ஒரு கோப்பை நனையாமல் இருந்தால் கழற்றி, காகிதத்தில் சுற்றி, உரியவர் கையில் கொடுத்துவிடுவாள். அடுத்த ஆள் வரிசையில் காத்திருக்கிறார். இப்போது முதல் ஆள் இன்சூரன்ஸ்காரர். அந்த மனிதர் தினமும் உன் கோப்பையை ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்.

இன்றோடு இருபத்தொரு நாள். ஒன்பது நாளில் வந்துவிடு. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஏதோ விளையாட்டாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வந்து திட்டு. திட்டுவதற்கு நேரில்தான் வசதி.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி முன்பு போலத்தான். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. பேசினால் ரெண்டு நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுவாய். எனக்குச் சிரிக்க இஷ்டமில்லை. ஏதாவது சொல்வதென்றால் எழுது.

"ஏதோ விளையாட்டாக" என்று எழுதியிருக்கிறாய். மறந்திருந்தால் நான் சொல்கிறேன். நீ கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். கொடுக்கலாம் என்று பின்னாலேயே வந்தேன். கடை வாசலில் நிற்கிறேன். நீ என் நாற்காலியில், என் சால்வை மாதிரி துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எதிரே ரெண்டு கோப்பை. காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, என் குரலில், "குடிங்க, ஆறுது... குடிங்களேன், ஆறுது" என்கிறாய். கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். மொத்தக் கடையும் சிரித்தது. சிரிக்காதவர் கடைக்காரம்மா ஒருத்திதான்.

முப்பத்தொரு வருஷம். நைட் டியூட்டி முடிந்து நான் வெளியே வரும்போது உன் அத்தான் ஆஸ்பத்திரி வாசலில் ரெண்டு காபியோடு நிற்பார். நான் ஒரே மூச்சில் குடித்துவிடுவேன். அவர் பேசிக்கொண்டே ஆறவிடுவார். அவரிடம் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். அவர் போய் ரெண்டு வருஷம் ஆகியும் ரெண்டு காபி கேட்கிறேன், ரெண்டாவதையும் நானே குடிக்கிறேன். பைத்தியம் இல்லை. அவர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ நன்றாகத்தான் செய்தாய். குரல், கழுத்துச் சாய்வு, எல்லாம் சரியாக இருந்தது. எட்டு மாதம் உன் வீட்டில் இருந்தேன். அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய், இதற்காக.

கோப்பையைக் கழற்றிச் சுற்றி வை. கொக்கி யாருக்காவது பயன்படட்டும்.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். தொழில் புத்தியில் ஒரு பிழையாவது கிடைக்குமா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். அதுதான் சங்கடம்.

மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். கை தானாக மருந்துத் தாளின் நடைக்குப் போய்விடுகிறது. "இந்தத் தம்பியை நீண்ட நாள் உபயோகித்தால் தலைவலி, குமட்டல், அரிதாகச் சிலருக்கு ஊரை விட்டுப் போதல் ஆகியவை நேரலாம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன்.

தெருச் செய்தி கேள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற நொண்டி நாற்காலி டீக்கடையில் நாற்காலிகளை மாற்றிவிட்டார்கள். இப்போது மேஜை ஆடுகிறது. துணி வெளுக்கும் கடைக்காரர் வாசலில் ரெண்டு ஸ்டூல் போட்டு டீ விற்க ஆரம்பித்திருக்கிறார். டீயில் லேசாகச் சோப்பு வாசனை. குடித்துவிட்டு வந்தால் உள்ளே சுத்தமாக இருக்கிற மாதிரி ஒரு பிரமை. முனையில் ஒரு புதுக் கடை வந்திருக்கிறது. காபி மேலே பாலில் இலை வரைந்து தருகிறார்கள். போன வாரம் எனக்கு வந்த இலையில் பூச்சி அரித்திருந்தது. சொன்னேன். வேறு வரைந்து கொடுத்தார்கள்.

உன் கொக்கி இன்னும் உன் பேரில்தான் இருக்கிறது. முப்பது நாள் தாண்டிவிட்டதே, எப்படி என்று கேட்காதே. இன்சூரன்ஸ்காரரும் கேட்கிறார், அவருக்கும் சொல்லவில்லை.

வயிறு கொஞ்சம் எரிகிறது, தூக்கம் சரியில்லை. மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மகளும் மாப்பிள்ளையும் ஏழு மணிக்குப் போனால் ஏழு மணிக்கு வருகிறார்கள். பதினாலாவது மாடி என்பதால் காற்றுக்குக் குறைவில்லை. என் அறையில் துணி துவைக்கும் மிஷினும் இருக்கிறது. அது ஓடும்போது யாரோ துணைக்கு இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. கீழே இறங்கினால் கார் நிறுத்துமிடம். தினம் ஏழு சுற்று நடக்கிறேன். அதைத் தாண்டினால் பெரிய ரோடு, அதற்கு அந்தப் பக்கமும் கார் நிறுத்துமிடம். காபிக்கு வாசலில் ஒரு மிஷின் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் வரும். ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தில் ஜோக்குகளை எண்ணினேன். பதிமூன்று. ஊசி போடுமுன் நாங்கள் நோயாளியிடம் பேச்சுக் கொடுப்போம், வலி தெரியாமல் இருக்க. நீ உனக்கே பேச்சுக் கொடுத்துக்கொள்கிறாய். ஊசியைப் போடவே இல்லை.

ஒரு ஜோக்கும் இல்லாமல் ஒரு கடிதம் எழுது. பிறகு பார்க்கலாம்.

வயிறு எரிகிறது என்றால் எப்போது? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கிறாய்? மழுப்பாமல் எழுது.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

இது ஜோக் இல்லாத கடிதம்.

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்தது

இந்த வரியில் நின்று நாற்பது நிமிஷம் ஆகிறது. நடுவில் எழுந்து ஜன்னல் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அது பிளாஸ்டிக் செடி என்பது ஊற்றின பிறகு ஞாபகம் வந்தது. இது ஜோக் இல்லை அக்கா. நடந்தது. கீழ் வீட்டுக்காரர் குடையோடு வந்து விசாரித்துவிட்டுப் போனார். அதுவும் நடந்தது.

ஒன்று சொல்கிறேன். அப்பா பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் நான் ஏதாவது சொல்வேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும், பெல்ட் ஆணிக்குத் திரும்பிப் போகும். உனக்கு அந்த வித்தை வரவில்லை. நீ வாங்கிக்கொள்வாய். எனக்கு அன்றைக்குப் பிடித்த பழக்கம் இது. எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் யாராவது முகம் கொஞ்சம் இறுகினாலும் என் வாய் எனக்கு முன்னால் எழுந்து ஓடிவிடுகிறது.

இதை ஜோக் இல்லாத கடிதம் என்று ஏற்றுக்கொள்வாயா? பிளாஸ்டிக் செடியை அடித்துவிட்டுப் படி.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. என்னைப் பார்த்தாலே தபால்காரர் சந்து மாறிப் போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே வெயில் ஏறிவிட்டது. தெரு பன்னிரண்டு மணிக்கே கொட்டாவி விடுகிறது. ஒரு மாற்றத்துக்காக ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடைக்கும் ஒரு சுற்றுப் போய்வந்தேன். ஆடும் மேஜையில் கொஞ்ச நேரம், சோப்பு டீக் கடையில் கொஞ்ச நேரம், இலை வரைகிற கடையில் கொஞ்ச நேரம். எங்கேயும் ஒன்றும் குடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்தேன். முன்பெல்லாம் நான் போய் உட்கார்ந்தால் நாலு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவார்கள். இப்போதும் வருகிறார்கள். ஏதாவது செய்து காட்டு என்கிறார்கள். நான் எழுந்து வந்துவிடுகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு என்பது இந்த மாசம்தான் தெரிந்தது.

டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே நான் புரூஃப் பார்த்த தாள். மூன்றாவது வரியில் ஒரு பிழையை விட்டிருக்கிறேன். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

எத்தனை காபி என்று கேட்டிருந்தாயே, அந்த வரியில் தண்ணீர் பட்டுவிட்டது. படிக்க முடியவில்லை.

தம்பி


மே 2

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. அப்பாவின் பெல்ட்டைப் பற்றி எழுதியிருந்தாய். பதில் எழுதக் கடிதத்தை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.

போன வாரம் பெரிய ரோட்டைத் தாண்டிப் போனேன். பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. ரெண்டு ஸ்டூல், ஒரு ஜன்னல். நான்கு மாதத்தில் மனுஷி கையால் போட்ட காபி அதுதான் முதல். பழக்கத்தில் "ரெண்டு" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சாதாரணமாகத்தான், "இன்னொருத்தர் வர்றாங்களாம்மா?" என்றாள். எனக்கு உன் துண்டும் கடிகாரக்காரர் சிரிப்பும் கண்முன் வந்தது. "இல்லம்மா, ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒன்றுதான் கேட்கிறேன். குடித்து முடித்ததும் எழுந்துவிட வேண்டியிருக்கிறது. காத்திருக்க ஒன்றும் இல்லை. நீ என்ன எடுத்துக்கொண்டாய் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். கோபத்தில் இல்லை.

கோபம் எனக்குத் தீர்ந்துவிட்டது. அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அக்கா


மே 10

மரியாதைக்குரிய நர்ஸம்மாவுக்கு,

கொக்கிக் கடைக்காரி வணக்கத்தோடு எழுதுகிறேன். உங்கள் விலாசத்தை உங்கள் தம்பி மேஜையில் விட்டுப்போன உறையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் இருபத்தொன்பதாம் நாள் காலையில் புரூஃப்காரர் வந்தார். தன் கோப்பையையும் உங்கள் கோப்பையையும் எடுத்துவந்து மேஜையில் வைத்து, "ரெண்டிலயும் போடுங்க" என்றார். உரியவர் குடித்தால்தான் கணக்கு என்று சொன்னேன். "அவ வர்ற வரைக்கும் அவளுக்குப் பதிலா நான்" என்றார். நாற்பது வருஷத்தில் என் மச்சினருக்குக்கூடச் சட்டத்தை வளைத்ததில்லை. அன்றைக்கு வளைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினம் ரெண்டு. தன்னுடையதை முதலில் குடிக்கிறார். உங்களுடையதை எதிர் நாற்காலிக்கு முன்னால் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நன்றாக ஆறின பிறகுதான் எடுக்கிறார். முதல் வாரம் கடிகாரக்காரர், "என்ன, அக்கா வேஷம் இன்னும் கலைக்கலையா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் தம்பி பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் யாரும் சிரிப்பதில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது குடிக்கிறார். டாக்டர் காபியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இது அவர் வாயால் சொல்லவில்லை, மருந்துக் கடைக்காரர் சொன்னார். உங்கள் கோப்பையில் பாலாவது ஊற்றுகிறேன் என்றேன். "அக்கா பால் குடிக்க மாட்டா" என்றார். அக்கா தம்பியைச் சேர்த்து வைக்கிற காரியம் எனக்கு வராது. ஆனால் நான் கடை வைத்திருப்பவள், காபி கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் நர்ஸ். உங்களால் முடியும்.

இப்படிக்கு,
கடைக்காரி


மே 15

தம்பி,

கேட்டதற்கு ரெண்டு மாதமாக மழுப்பியிருக்கிறாய். யார் சொன்னது என்று கேட்காதே.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து காபி கிடையாது. உன் கோப்பையிலும் இல்லை, என் கோப்பையிலும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர், மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு. கொக்கி போனால் போகட்டும். கொக்கியை வாங்கலாம், குடலை வாங்க முடியாது.

என் கோப்பையில் குடிக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

அக்கா


மே 23

அக்காவுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி மத்தியானம் வந்தது. அன்று காலையில் குடித்ததுதான் கடைசி. ஐந்து நாள் ஆகிறது. வயிறு பரவாயில்லை. கடைக்குப் போகிறேன், உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

அன்றைக்கு நான் செய்தது தப்பு. நீ கேட்டுவிட்டாயே என்பதற்காகச் சொல்லவில்லை. நீ கேட்காமல் இருந்திருந்தாலும் தப்புதான்.

எதிரில் ஒரு கோப்பை இருந்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று இருக்கிறது. அது ஆறும் வரைக்கும் அப்படி இருக்கிறது. எனக்கு இது தெரியாது. உன் குரலும் கழுத்தும் தெரிந்தது, இது தெரியவில்லை. உனக்கு முப்பத்தொரு வருஷம். எனக்கு மூன்று மாதம்தான், அதுவே போதுமாக இருந்தது.

உன் கோப்பையில் கேட்காமல் குடித்ததற்கும் மன்னித்துவிடு. கொக்கி போகக்கூடாது என்று நினைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்போது ரெண்டு கோப்பையும் காய்கிறது. முப்பது நாளில் இருபத்தைந்து மிச்சம் இருக்கிறது. கடைக்காரம்மா இந்தத் தடவை வளைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

முட்டியைப் பார்த்துக்கொள். என் வீட்டில் மூன்று மாடிப் படி. கீழ் வீட்டுக்காரர் தரைத்தளத்தில் இருக்கிற அவருடைய முன் அறையைத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். உனக்குப் படி ஏற வேண்டியிருக்காது.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

வருகிற பதினைந்தாம் தேதி, திங்கள்கிழமை காலை வண்டி. மாப்பிள்ளை ஏற்றிவிடுகிறார். கொக்கிக்கு அன்றைக்கு ரெண்டு நாள் மிச்சம் இருக்கும். இன்சூரன்ஸ்காரரிடம் என் வருத்தத்தைச் சொல்லிவிடு.

மகள் அழுதாள். "இங்கே என்னம்மா குறை?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். இந்தத் தடவையும் அதைத்தான் சொன்னேன்.

உன் கடிதத்தில் ஜோக்குகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. படிக்கச் சகிக்கவில்லை. இனிமேல் அப்படி எழுதித் தொலைக்காதே.

ஸ்டேஷனிலிருந்து நேராகக் கடைக்குத்தான் வருவேன். பெட்டியோடு வருகிறேன், பரவாயில்லை. கடைக்காரம்மாவிடம் சொல்லி வை: எனக்கு ரெண்டு காபி, உனக்குப் பால். பாலைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆறவிட்டாயானால், குடி, ஆறுது என்று உன்னிடமும் சொல்வேன். கடை முழுக்கச் சிரித்தாலும் சொல்வேன்.

அக்கா